டச்சப் இல்லாத முகம்

பென்னலூர் மதிவதனிக்கு வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம். ஸ்ரீபெரும்புதூரில் அவள் வைத்திருந்த ஸ்டூடியோ, கம்பெனி அடையாள அட்டைப் படங்களால்தான் பிழைத்தது. ஆனால் ஓவியக் கல்லூரியில் கற்ற பிளாட்டினம் பிரிண்ட் என்னும் பழைய படம் அச்சிடும் முறைமேல் பிடித்த பித்து மட்டும் அவளுக்குத் தெளியவே இல்லை. பிளாட்டினமும் பல்லேடியமும் கலந்த கரைசலைத் தாளில் தூரிகையால் பூசி, அதன்மேல் பெரிய நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். விலையோ தங்கத்துக்கு அண்ணன். இதற்கு எவன் வருவான் என்று தெருவே சிரித்தது.

2004-இல் சந்தனமாரி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் வேலை.

"அக்கா, எந்த ஸ்டூடியோக்காரரும் என்னைய வெள்ளையடிச்சுத்தான் தாராரு. பொண்ணு பாக்க வந்தவங்க, படத்துல இருந்த பொண்ணு எங்கன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அடுத்த வரன் வருது. என் நெறத்துலயே எடுத்துத் தாங்க."

மதிவதனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு இன்னா கொறச்சல்? உக்காரு."

படம் எடுத்து அச்சிட்டபோது முதல் தாளில் வெயில் மிஞ்சி, முகம் கரியாகிப்போனது. திட்டிக்கொண்டே இரண்டாவதைப் பூசினாள். கழுவும் கரைசலை ஊற்றியதும் முகம் சட்டென்று எழுந்து வந்தது. கன்னத்தில் ஒரு கறுப்பு, கழுத்தில் ஒரு கறுப்பு, கூந்தலில் இன்னொன்று. ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. மேலே மினுக்கு எதுவும் இல்லை, உருவம் தாளுக்குள்ளேயே ஊறி நின்றது.

"நாந்தான்" என்றாள் சந்தனமாரி. மதிவதனி வெட்கமில்லாமல் அழுதாள்.

கல்யாணத் தரகர் கோதண்டராமன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமா இது? கொஞ்சம் வெளுப்பா ஒண்ணு குடு. இத்த அனுப்பினா வரன் ஓடிப்பூடும்."

"ஓடுறவங்க இப்பமே ஓடட்டும். இதையே குடுங்க" என்றாள் சந்தனமாரி.

அடுத்த வாரம் அந்தப் படத்தோடு ஓர் அம்மாள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். மாப்பிள்ளையின் தாய் பேச்சி. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் மதிவதனி.

"இதை எடுத்தது நீதானாம்மா?"

"ஆமா. நான்தான்."

"பொண்ணைப் பாத்துட்டுத்தான் வாறோம். படத்துல உள்ளபடியே இருக்கா. தேதி குறிச்சாச்சு."

வாசலில் கூச்சத்தோடு நின்ற மகன் மாசானத்தை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவன் சந்தனமாரியைவிட ஒரு படி கறுப்பு.

"இவனையும் இதே மாதிரி எடு தாயி. இத்தனை வருசமா எடுத்த படம் ஒண்ணுலகூட எம்புள்ளையைக் காணோம்."