உறவுக்காரி எழும்பக் கூடாது

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. வாய்க்காரி என்பார்கள். ஆனால் அன்று பின்னேரம், ஆக்லாந்து நகர மையத்தில் இருந்த அந்தக் கூட்ட அறையில் நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன்.

பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளுக்கு வேறு வீடு தேடிக் கொடுக்கும் சிறிய தொண்டு அமைப்பு அது. நிர்வாக சபையில் பெரும்பாலானோர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள். தலைவி ஒரு வழக்கறிஞர், என் வயதுதான் இருக்கும். இரண்டு இடங்களைச் சின்ன வயதில் வீடு வீடாக மாறி வளர்ந்த மாவோரி இளையவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒன்றில் ஒரு பல்கலைக்கழக மாணவி இருந்தாள். என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். நான் மன்னாரிலிருந்து வந்த மருத்துவத் தாதி. புலம்பெயர்ந்தவர்கள் சார்பில் ஒருத்தி வேண்டும் என்று என்னைச் சேர்த்திருந்தார்கள்.

மாவோரி மொழிச் செபத்தோடு கூட்டம் தொடங்கும். புதிதாக வருபவர் தன் ஊரின் மலையையும் ஆற்றையும் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். என் முறை வந்தபோது முழிபிதுங்கிப் போனேன். மன்னாரில் மலைக்கு நான் எங்கே போவேன்? "எங்களுக்குக் கடல்தான்" என்றேன். "அது காணும்" என்று தலைவி சிரித்தாள். அதிலிருந்து அந்த மேசை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தனித்தனிப் பிள்ளைகளின் விடயம் வழக்கமாக எங்களிடம் வராது. ஊழியர்களுக்குள் ஒத்துவராவிட்டால்தான் வரும். அன்று வந்தது. இரண்டு தமிழ்ச் சிறுமிகள், அக்காவும் தங்கச்சியும். தாய் ஆஸ்பத்திரியில், எழும்பி வரப் பல மாதங்கள் ஆகலாம். தகப்பன் இல்லை. மூத்தவள் ஏவன்டேலில் ஒரு வீட்டில், இளையவள் தூரத்துப் புக்கெகோஹியில் இன்னொரு வீட்டில். இருவரையும் சேர்த்துக் கூட்டிப்போகத் தாயின் அண்ணன் முறையான ஒருவர் முன்வந்திருக்கிறார். பெயர் ஒன்றும் சொல்லப்படவில்லை. எனக்கு எதற்குப் பெயர்? எங்கள் தேவாலயத்தில் வேறு யாருடைய தங்கச்சி அப்படி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்! என்ர மாதாவே, இது அவரல்லவா என்று நெஞ்சு இடித்தது.

அவரைத் தெரியாதவர் இல்லை. பாடல் குழுவில் முதல் குரல். செத்த வீடென்றால் முதல் ஆளாக வந்து கதிரை இறக்குவார். பிள்ளைகளைக் கேட்டதற்காக எடுத்த பொலிஸ் சோதனையிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் தேவாலய மண்டபத்தில் சாப்பிடும்போது அவருடைய சின்ன மகளின் கை பட்டுக் குவளை கவிழ்ந்தது. அது உருண்டு நிற்குமுன்பே மனைவி, "நான்தான் தட்டினன், நான்தான்" என்றாள். மகள் மூச்சுக்கூட விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரு சாட்சி என்று எவரிடம் போய்ச் சொல்வது?

"எனக்குத் தெரிஞ்ச குடும்பம். விதிப்படி நான் வெளியில போகோணும்" என்று கைப்பையைத் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், தப்பினேன் பிழைத்தேன் என்றுதான் இருந்தது.

"வாக்குப் போடாதே. ஆனால் எங்கட மாவோரி முறையில உறவுக்காரி எழும்பக் கூடாது. தெரிஞ்ச ஆள்தான் இருந்து கதைக்கோணும்" என்றாள் தலைவி. நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில்தான். என் மனதில் அது இப்படித்தான் பதிந்திருக்கிறது.

மாணவி என் பக்கம் திரும்பினாள். "என்னை வீடு மாத்தேக்கை, என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் அந்த அறையில இருக்கேல்லை, அன்ரி. இருங்கோ."

இருந்தேன். அந்த மேசையில் இருந்தவர்கள், பிள்ளை சொந்த சனத்திடமே போகவேண்டும் என்று ஆண்டாண்டாகச் சண்டை பிடித்தவர்கள். அவர்களிடம் போய், சொந்தம் வேண்டாம் என்று நான் சொல்வதா? சொன்னால் எங்கள் சனம் என்னைப் பிள்ளைபிடிகாரி என்னும். நான் நினைத்தது பிழையென்றால் ஒரு நல்ல மனிசனின் பெயரைக் கெடுத்த பாவம் என் தலையில். சொல்லாமல் விட்டால்?

மாணவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்கட பிள்ளையை அந்த வீட்டில ஒரு இரவு விடுவீங்களோ?"

"மாட்டன்" என்றேன். குவளைக் கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் மெல்லத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் என்னை இன்னும் பயமுறுத்தியது.

சபை அந்த வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தி வைத்தது. நான் மூச்சு விடுமுன் தலைவி கேட்டாள். "அங்கை வேண்டாம் எண்டால் எங்கை? உன்ர வீட்டிலயோ?"

ஓம் என்றுவிட்டு, நடைபாதையில் நின்று கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "சொல்லியாச்சுதானே, பிறகென்னத்துக்கு என்னட்டைக் கேக்கிறாய்?" என்றார். "கட்டில் வாங்கோணும்."

வீட்டைப் பார்த்தார்கள், எங்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் அக்காவும் தங்கச்சியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். சங்கதி சனத்துக்குத் தெரிந்துவிட, அதன்பிறகு தேவாலயத்தில் நாங்கள் இருக்கும் வாங்கில் ஒருத்தரும் வந்து இருப்பதில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து என் கையைப் பிடித்து, "பிள்ளையள் சுகமோ, அக்கா?" என்பார். கையை உடனே விடமாட்டார். வீட்டுக்குப் போனதும் கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிறு, மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் அவர் மனைவி என் பின்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல், சோற்றுச் சட்டியைப் பார்த்தபடி கேட்டாள். "அக்கா, உங்கட ஆக்களிட்டை என்ர மகளுக்கும் ஒரு இடம் இருக்குமோ?"

நானும் சட்டியைப் பார்த்தபடியே சொன்னேன். "இருக்கு. பிள்ளை எங்கை?"

"காருக்குள்ள. பூசை நேரம் கதைச்சவள் எண்டு பூட்டி விட்டிருக்கிறார்."

"திறப்பு?"

"அவரிட்டை."

மண்டபத்தின் மற்றக் கோடியில் அவர் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அதே சிரிப்பு. ஓடிப்போய்விடு என்றுதான் கால் சொன்னது. தட்டை வைத்துவிட்டு நேரே அவரிடம் நடந்து போய், கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"தம்பி, கார்த் திறப்பைத் தாரும்."