கதவைப் பிடித்திருந்த பதினோரு மாதம்

என் மாமனார் வேன் வாங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்தது. எங்கள் வீட்டிலும் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்கள்.

வீட்டில் ஆறு தறிகள். நெய்த லுங்கிகளை மூட்டை கட்டித் திருத்தணி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் மெட்ராசுக்குப் பார்சல் போடுவதுதான் தொழில். அதுவரை மாட்டுவண்டியில் போன சரக்கு இனிமேல் மோட்டாரில் போகும் என்று மாமனார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். வேனுக்கு மாலை போட்டு, திருத்தணி முருகன் மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போய், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசை செய்துவிட்டு வந்தார்கள். என்னை அன்றைக்கு அழைத்துப் போகவில்லை.

அதே கம்பெனியிடம் அதே மாதிரி வேனை அந்த வட்டாரத்தில் இன்னும் இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள். திருத்தணியில் ஓர் அரிசி மண்டிக்காரர், ஆர்.கே.பேட்டையில் ஒரு வேர்க்கடலை வியாபாரி. மண்டிக்காரர் வண்டியில் கைபிரேக் நிற்காது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தாக வேண்டும். கடலை வியாபாரியின் வண்டி, ஸ்டியரிங்கை எவ்வளவு நேராகப் பிடித்தாலும் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். எங்கள் வண்டியில் பின்கதவு.

இரட்டைக் கதவு அது. வெளியே ஒரு பக்கத்தில் மட்டும்தான் கைப்பிடி. அதைத் திருகினால் உள்ளே தாழ் விழ வேண்டும். விழும், ஆனால் நிற்காது. ரோட்டில் ஒரு குலுக்கல் கண்டதும் நழுவி, இரண்டு கதவும் ஆவென்று திறந்துகொள்ளும். முதல் வாரமே ஒரு மூட்டை விழுந்து சேற்றில் புரண்டது. வெளியிலிருந்து கயிறு கட்டலாம் என்றால் இன்னொரு கதவில் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு கொக்கி வைத்துவிடலாம் என்று என் கணவர் சொன்னார். வேனை ஓட்டுவது அவர்தான்.

மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரை வைத்து இங்கிலீஷில் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதிலும் வந்திருந்தது.

"கம்பெனிக்காரன் இன்னா எழுதிக்கீறான்? வெளியாளு ஒரு ஆணி அடிச்சாலும் நாங்க பொறுப்பில்லன்னு எழுதிக்கீறான். அவன் ஆளு வந்து பாக்கற வரைக்கும் எவனும் அந்தக் கதவுல கை வெக்கக் கூடாது."

"அதுவரைக்கும் சரக்கு எப்டி நைனா போவும்?" என்றார் என் கணவர். அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"உள்ள ஒரு ஆளு உக்காந்து இஸ்துப் புடிச்சிக்கட்டும்."

கதவின் உட்புறத்தில் இரண்டு சின்ன இரும்பு வளையங்கள் இருந்தன. அவற்றில் கயிற்றைக் கோத்து, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை உதைத்து உட்கார்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் குலுக்கலில் தளர்ந்துபோனது. முதலில் ஒரு தறிக்காரரை உட்கார வைத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவர் போனால் அவருடைய தறி சும்மா கிடந்தது. மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. யாரை அனுப்பலாம் என்று கூடத்தில் பேச்சு வந்தபோது மாமியார் என்னைப் பார்த்தார்.

"இவ தறியில உக்காந்தா நூலு அறுந்துகினே கீது. கவுத்தப் புடிக்கவாச்சும் லாயக்கான்னு பாருங்க."

அது உண்மைதான். என் அப்பா நெசவை விட்டுவிட்டு மணவூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனவர். எனக்குத் தறி சரியாக வராது. அதை அந்த வீட்டில் தினமும் ஒருமுறையாவது யாராவது சொல்லிவிடுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை என்னை வேனுக்குள் ஏற்றினார்கள்.

பின்பக்கம் ஜன்னல் கிடையாது. டிரைவர் இருக்கும் இடத்துக்கும் எனக்கும் நடுவே பலகைச் சுவர். தரைப்பலகை இடுக்கு வழியாகப் புகை ஏறி வரும். புதுச் சாயத்தின் வாடையும் அந்தப் புகையும் சேர்ந்து, பாதி வழியிலேயே எனக்குத் தலை சுற்றி வாந்தி வரும். கயிற்றை விட்டால் மூட்டை விழும் என்பதால் மடியிலேயே எடுத்துவிடுவேன். திருத்தணி வந்துவிட்டதை ரயில் கூவுவதை வைத்துத் தெரிந்துகொள்வேன். கிருத்திகை நாளாக இருந்தால் காவடிக்காரர்கள் அரோகரா போடுவது கேட்கும். கதவைத் திறந்ததும் மூட்டைகளைத்தான் முதலில் இறக்குவார்கள். நான் ஒரு ஓரமாக இறங்கி, ஸ்டேஷன் குழாயில் புடவையை அலசிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் என் கணவரிடம் கேட்டேன். "வேற யாரனாச்சும் அனுப்பச் சொல்லுங்களேன். புகை ஒத்துக்கல."

"ஆங், நைனா கிட்ட சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவருக்கு அப்பாவிடம் பயம். அந்தப் பயத்துக்கான கூலியை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் பத்து மாதத்துக்கு மேல் போனது. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார்கள். மூன்றுக்கும் ஆள் வருவார் என்றே பதில் வந்தது. நான்காவதற்கு, வருகிற செவ்வாய்க்கிழமை ஒருவர் திருத்தணிக்கு வருகிறார், மூன்று வண்டிகளையும் அரிசி மண்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். மாமனார் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. திருத்தணிக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஒரு சின்னப் பாலம் வரும். அங்கே மாடு குறுக்கே வந்திருக்கிறது, என் கணவர் பிரேக் போட்டார். வண்டி மறுபடி கிளம்பிய வேகத்தில் என் முதுகுப்பக்கம் இருந்த ஒரு மூட்டை சரிந்து என் தோளில் மோதியது. கயிறு தளர்ந்து கதவு திறந்துகொண்டது. கதவோடு சேர்ந்து நானும் வெளியே சரிந்தேன். விழாமல் இருக்க இடது கையால் கதவு ஓரத்தைப் பற்றினேன். கீல் இருக்கும் பக்கத்துச் சந்தில் என் விரல்கள் போய்விட்டன. அடுத்த பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட, இரண்டு கதவும் வந்து அடைத்துக்கொண்டன. அத்தனை மாதமாக விழுந்தும் நிற்காத தாழ் அன்றைக்கு மட்டும் டக்கென்று விழுந்து நின்றது.

அந்தத் தாழை உள்ளிருந்து திறக்க முடியாது. வலது கையால் வண்டியின் பக்கத் தகரத்தை அடித்தேன். கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மூட்டை உருள்கிற சத்தம் என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார். பாலத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், வளைந்து நின்றபடி, விரல்கள் கதவில் சிக்கியிருக்க வந்து சேர்ந்தேன்.

கதவைத் திறந்த என் கணவர் என்னைப் பார்த்ததும் புது லுங்கி ஒன்றை மூட்டையிலிருந்து உருவி என் கையில் சுற்றினார். முன்னால் உட்கார்ந்து வந்திருந்த மாமனார் இறங்கி வந்து பார்த்தார். முதலில் அவர் கேட்டது, "லுங்கிய ஏண்டா எடுத்தே?" என்றுதான். பிறகு துணியை விலக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடுவதை அந்த வலியிலும் நான் கவனித்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன் நைனா."

"இரு, இரு. அடுத்த செவ்வாக்கெழம கம்பெனிக்காரன் வர்றான். அவன் கிட்ட கதவு தெறந்துக்குதுன்னு வாயால சொன்னா இன்னா மதிப்பு? இதக் காமிச்சா பேச்சே வேற. தச்சி, மருந்து போட்டு, கட்டு கட்டிட்டாங்கன்னா எதக் காமிக்கறது? ஒரு வாரந்தானே."

அந்த ஒரு வாரம் என் கை வீட்டில் எல்லோருக்கும் முக்கியமாகிவிட்டது. மாமனார் காலையும் மாலையும் துணியைப் பிரித்துப் பார்ப்பார். இரண்டாம் நாள் மாமியார் மனசு கேட்காமல் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார். "மஞ்சப் போட்டா நெறம் மாறிப் பூடும்" என்று மாமனார் தடுத்துவிட்டார். நான்காம் நாள் நடுவிரலும் மோதிரவிரலும் கறுக்கத் தொடங்கின. காய்ச்சல் வந்தது. என் கணவர் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைப் பார்க்காமல் போவார்.

கம்பெனிக்காரர் வருவதற்கு முந்தின நாள் மாலை மாமனார் என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"மூட்டைய எறக்கச்சொல்லோ கதவு வந்து அடிச்சிச்சின்னு சொல்லு. உள்ள உக்காந்துகினு இருந்தேன்னு மட்டும் வாயத் தெறக்காத. சரக்கு வண்டியில ஆள ஏத்தினேன்னு தெரிஞ்சா எல்லாம் பூடும். புரிஞ்சுதா?"

"ஆங்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மண்டி வாசலில் மூன்று வேன்களும் வரிசையாக நின்றன. மெட்ராசிலிருந்து வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைப் பேன்ட், கையில் நோட்டு. மண்டிக்காரர் வண்டியில் கைபிரேக்கை இழுத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். கடலை வியாபாரி வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் வண்டிக்கு வந்தார். மாமனார் என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, எல்லோர் எதிரிலும் துணியைப் பிரித்தார்.

நாற்றம் எனக்கே தாங்கவில்லை. மெட்ராஸ்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"உங்க வண்டிக் கதவு பண்ண வேலய நீங்களே பாருங்க சார்" என்றார் மாமனார். அவர் குரலில் துக்கம் இருந்தது. என் கைக்காக அந்தக் குரல் அதற்கு முன் வந்ததில்லை.

"எப்படிம்மா ஆச்சு? நீங்களே சொல்லுங்க."

நான் என் மாமனாரைப் பார்த்தேன். தைரியம் எதுவும் எனக்கு வந்துவிடவில்லை. நியாயம் கேட்கவும் தோன்றவில்லை. அந்த முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

"உள்ள உக்காந்து கதவப் புடிச்சிகினு வந்தேங்க. பதினோரு மாசமா நாந்தாங்க புடிச்சிகினு வர்றேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சரக்கு வேன் உள்ளேயா?"

"ஆமாங்க. அதோ கயிறு இருக்குது, பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். நோட்டை மூடிவிட்டு மாமனாரிடம் திரும்பினார். "சரக்கு ஏத்துற இடத்துல ஆளை ஏத்தக் கூடாதுன்னு வண்டி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கோம். நீங்களே அதை மீறியிருக்கீங்க. இதுக்குக் கம்பெனி பொறுப்பில்ல. நீங்க மூணு பேரும் வண்டியை எப்படி ஓட்டுறீங்கன்னே இனிமே விசாரிக்கணும்."

நான் பேசியது அவருக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது என்று அந்த நிமிடமே புரிந்தது. மண்டிக்காரரும் கடலை வியாபாரியும் மாமனாரைப் பிடித்துக்கொண்டார்கள். உன் மருமகளால் எங்கள் புகாரும் கெட்டது என்று கத்தினார்கள். மெட்ராஸ்காரர் மண்டியில் தண்ணீர் கேட்டு வாங்கிக் கைகழுவினார். அவர் என்னைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அதை யாரும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாமனார் என்னை அடிக்கவில்லை. வேனின் பின்பக்கத்தைக் காட்டி, "ஏறு" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

"நைனா சொல்றாரில்ல, ஏறு" என்றார்.

வண்டியில் சரக்கு எதுவும் இல்லை. திறந்த கதவு அடித்துக்கொண்டு போனால் கீல் கெட்டுவிடும் என்பதற்காக, வலது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டை வரை இழுத்துப் பிடித்தபடி போனேன்.

இரண்டு நாள் கழித்து நினைவு தப்பியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். அவர் யாருடைய விரலையோ பற்றிக் கேட்பதுபோலத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு, புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மைத்துனர் மனைவி கயிற்றைப் பிடித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. முதல் நாள் அவள் என்னிடம் வந்து, "அக்கா, எப்டிப் புடிக்கணும், சொல்லிக் குடேன்" என்றாள். காலை எங்கே உதைத்துக்கொள்ள வேண்டும், கயிற்றை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று காட்டினேன். கீல் பக்கம் கை வைக்காதே என்று சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சொல்ல வாய் எடுத்தேன். பிறகு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவள் இரண்டு மாதம்தான் போனாள். கம்பெனி எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளாமல், கடிதம்கூட இல்லாமல், மூன்று வண்டிக்கும் சாமான் அனுப்பியது. எங்களுக்கு வந்தது உள்ளங்கை அளவு ஒரு புதுத் தாழ், நான்கு திருகாணி. அரக்கோணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து உலை கொதிக்கிற நேரத்துக்குள் மாட்டிவிட்டுப் போனார். மாமனார் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, "கம்பெனின்னா கம்பெனிதான்" என்றார். என் கணவரும் ஒருமுறை மூடிப் பார்த்துச் சிரித்தார். மைத்துனர் மனைவி கைதட்டினாள். அவளுக்குப் பத்து விரலும் இருந்தன. அதற்காக அவளை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.