வீட்டைப் பேச வைக்கும் பாடம்

தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு, வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பு எடுத்தார். மொத்தம் நான்கு ஞாயிறு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தினமும் ரயிலேறிப் போய் ஒரு கம்பெனி வாசலில் காவல் நிற்கிறவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது.

எனக்கு இருப்பது அப்பா விட்டுப்போன ஒரே வீடு. பின்பகுதியில் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் பல வருடமாகக் குடியிருந்தார்கள். சுரங்கத் தூசி அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. அவர் மூச்சு இழுக்கும் சத்தம் நடுச்சுவரைத் தாண்டி எங்கள் சாப்பாட்டுத் தட்டு வரை வரும். அவர்களைக் கிளப்பிவிட்டு, வேலைக்குப் போகும் பையன்களுக்கு அறை அறையாக விட வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன். எழுதும்போதே வாய் கசக்கிறது.

இரண்டாம் ஞாயிறு, வாத்தியார் என்னை மேடைக்கு இழுத்தார். நான் வீட்டுக்காரன், ஒரு அம்மா குடித்தனக்காரி. நடித்துக் காட்ட வேண்டும்.

"காலி பண்ணச் சொல்றீங்க. அவங்க அழுவுறாங்க. இன்னா செய்வீங்கண்ணா?"

யோசித்துவிட்டு, "உக்காரச் சொல்வேன்" என்றேன்.

"உக்காரச் சொன்னா டீ கேப்பாங்க. டீ குடுத்தா டிபன் கேப்பாங்க. அப்புறம் நீங்க எங்க போயி குடியிருப்பீங்க?"

மண்டபமே சிரித்தது. காது சுட்டது.

"பேச்சு வரலியா? நல்லது. நீங்க பேசாதீங்க, வீட்டைப் பேச வைங்க" என்றார். குழாய் ஒழுகினால் சரிசெய்யாமல் விட்டுவிட வேண்டும். கரண்டை அடிக்கடி நிறுத்த வேண்டும். தானாகவே போய்விடுவார்கள். சிலர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முகம் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வாத்தியாரைவிட, அந்தச் சந்தோஷம்தான் இன்று அதிகமாகக் குமட்டுகிறது.

அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், பின்பகுதியின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சந்தேகம் வராமலிருக்க எங்கள் விளக்கையும் அணைத்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நடுச்சுவரில் மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று.

அது என்னவென்று எனக்குத் தெரியும். சுரங்கத்தில் விளக்கு அணைந்தால் நகரக் கூடாது. பாறையில் தட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் திருப்பித் தட்டினால் நன்றாக இருக்கிறான் என்று பொருள். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா சொல்லியிருக்கிறார். நான் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் அந்த மூச்சு. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருந்தார். கையில் மெழுகுவத்தி.

"இன்னா தம்பி, ரெண்டு வாட்டி தட்னேன், பதிலே இல்ல. உனுக்கு இன்னாமோ ஆயிப்போச்சின்னு பயந்துட்டேன்."

"தூங்கிட்டேன் மாமா."

"வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னா தூக்கம்? இந்தா, வெச்சிக்க. நாங்க பாதி ஆயுசு இருட்டுலயே ஓட்டுனவங்க."

வாங்கிக்கொண்டேன். பீஸ் கட்டை பையில் துருத்திக்கொண்டு நின்றது. பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் போனதும் ஓடிப்போய்த் திரும்பச் சொருகினேன்.

"கரண்ட் வந்துட்ச்சி தம்பி!" என்று சுவருக்கு அப்பாலிருந்து கத்தினார். அந்தக் கத்தலுக்கே நெடுநேரம் இருமினார். அவர்களைக் கிளப்பும் எண்ணம் அத்தோடு போயிற்று.

ஆனால் வகுப்பிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, மிச்ச இரண்டு ஞாயிறும் போய் உட்கார்ந்தேன். கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். 'பயிற்சி பெற்ற வீட்டு உரிமையாளர்' என்று தங்க நிறத்தில் எழுத்து. என் மனைவிக்குப் பெருமை. நான் தடுப்பதற்குள் நடுச்சுவரில் ஆணி வைத்து அடித்துவிட்டாள். சுத்தியலால் மூன்று அடி.

அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு வந்தது.

"இன்னாங்க அது?" என்றாள்.

சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தேன். விரல் முட்டியால் நானும் மூன்று முறை தட்டினேன். சான்றிதழ் இப்போது அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது. பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது.