புலி, ஆடு, புல்லுக்கட்டு, காஞ்சனா

"அந்தாளு இன்னாத்துக்குண்ணா புலிய வச்சிகினு கீறான்?"

கேட்டது காஞ்சனா. வேப்பம்பட்டில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ் போர்ஷன்காரி. ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியில் உட்கார்ந்து, பேப்பரில் வந்த என் போன வாரப் பத்தியை வரிவரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் நான் போட்ட புதிர் நினைவிருக்கிறதா? ஒருவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு. ஆற்றைக் கடக்க வேண்டும். படகில் அவனோடு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் இல்லாத நேரத்தில் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் எப்படிக் கரை சேர்ப்பான்?

நிறையப் பேர் விடை அனுப்பியிருந்தீர்கள். ஆவடியிலிருந்து ஒரு வாசகர் போனில், "சார், புலியைக் கட்டிப்போட்டா மேட்டர் முடிஞ்சுது" என்றார். அம்பத்தூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் அம்புக்குறியெல்லாம் போட்டுப் படமே வரைந்து அனுப்பியிருந்தார்.

விடை இதுதான். முதலில் ஆட்டை அக்கரையில் விட வேண்டும். வெறும் படகோடு திரும்பி, புலியை ஏற்றிப்போக வேண்டும். புலியை இறக்கிவிட்டு — இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள் — ஆட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதை இக்கரையில் விட்டுவிட்டு, புல்லுக்கட்டைக் கொண்டுபோய்ப் புலியிடம் போட வேண்டும். புலி புல் தின்னாது. கடைசியாக வந்து ஆட்டைக் கூட்டிப்போனால் முடிந்தது.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடிவந்தவன் நான். லாரி கிளீனராகத் திரிந்த காலத்தில், பூந்தமல்லியில் ஒரு டீக்கடை ஓரம் மழைக்கு ஒதுங்கியபோது டிரைவர் போட்ட புதிர் இது. அன்று சாப்பாடு கிடையாது. விடை கண்டுபிடித்தபோது பசிகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. அந்தப் பெருமையோடுதான் காஞ்சனாவிடமும் விடையைச் சொன்னேன்.

அவள் பேப்பரை மடித்தாள். "கேக்காமகூட எங்க ஊட்டுக் கதைய பேப்பர்ல போட்டுட்டியேண்ணா..."

அவள் வீட்டில் அவளைத் தவிர மூன்று பேர். அப்பாவுக்கு மறதி நோய். தம்பி சீனு — கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை கிடைத்தால் போவான், கிடைக்காவிட்டால் குடிப்பான். மகள், மூன்று வயதுப் பாப்பா. கணவன்? எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தேடுவதையும் விட்டுவிட்டாள்.

அப்பா கேட்டதையே கேட்பார். "காஞ்சனா வந்துட்டாளா?" குடித்திருக்கும் சீனுவிடம் திரும்பத் திரும்பக் கேட்டால் அடி விழும். போன மாதம் உதடு கிழிந்தது. அதே சீனு எவ்வளவு போதையிலும் பாப்பாவை ஒரு சொல் சொல்ல மாட்டான். உப்புமூட்டை தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவான். ஆனால் அப்பாவிடம் பாப்பாவை விட முடியாது. ஒருநாள் மிட்டாய் வாங்கித்தருகிறேன் என்று கைப்பிடித்துக் கூட்டிப்போனவர், ரயில்வே பிளாட்பாரத்தில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தார். பூ விற்கும் அம்மாள் ஒருத்தி பிடித்துவைத்திருந்ததால் குழந்தை கிடைத்தது.

"புலிக்கும் புல்லுக்கும் ராசிதாண்ணா. நைனாதான் ஆடு" என்றாள்.

இதுவரை வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டு மூவரையும் பார்த்துக்கொண்டாள். அந்த வேலை நின்றுவிட்டது. இப்போது திருமழிசையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி வேன் விடியற்காலையில் வந்துவிடும். திரும்பி வர இருட்டிவிடும். திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆள். வேறு ஆள் என்றால், அடுத்த வாரம் அந்த வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

உட்கார்ந்து யோசித்தோம். பாப்பாவை அங்கன்வாடியில் விடலாம். சாயங்காலம் யார் கூட்டிவருவது? சீனு. கூட்டிவந்தால் வீட்டில் அப்பா. அப்பாவை ஏதாவது இல்லத்தில்? இலவசமாகச் சேர்க்கும் இடத்தில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தாள். பிள்ளைகள் இருக்கும்போது எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சீனுவைக் குடி மறக்கும் ஆஸ்பத்திரியில்? அதையும் முன்பே செய்து பார்த்திருந்தாள். சுவரேறிக் குதித்து, அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்மா" என்றேன். மற்ற நாளெல்லாம் நான் வானகரம் குடோனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பேன்.

"ஞாயித்துக்கெழம எனக்கே லீவுதாண்ணா."



சீனு பாப்பாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். இன்னும் குடிக்காத நேரம். "இன்னா அண்ணாத்தே, காலைலயே கணக்கா? புல்லுக்கட்ட தலைல வச்சிகினா மேட்டர் ஓவரு!"

"நீ ஒரு நாளு குடிக்காம இரு. கணக்கு தன்னால முடிஞ்சிரும்" என்றாள் காஞ்சனா.

"நாளைலேர்ந்து பாரேன்" என்றான் சீனு. பாப்பாதான் கைதட்டிச் சிரித்தது.

அவன் போன பிறகு காஞ்சனா மெதுவாகக் கேட்டாள். "சரிண்ணா, மூணும் அக்கரைக்குப் போயிடிச்சி. அப்பால?"

"அப்பால என்ன? புதிர் முடிஞ்சுபோச்சு."

"எப்டிண்ணா முடியும்? அந்தாளு பொழப்பப் பாக்கப் போவ வேணாமா? அவன் கொஞ்சம் நவுந்தா... அங்கயும் புலி புலிதானே? ஆடு ஆடுதானே?"

எத்தனை ஊரில், எத்தனை பேரிடம் இந்தப் புதிரைப் போட்டிருக்கிறேன்! ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. அந்த விடை சரியானதுதான் — படகுக்காரன் சாகும்வரை அந்தக் கரையிலேயே காவல் உட்கார்ந்திருந்தால்.

என் அறைச் சாவியைக் கொடுத்தேன். சீனுவும் பாப்பாவும் பகலில் மாடியில் இருக்கட்டும். என்னால் முடிந்த ஒரே நகர்த்தல் அது.

திங்கட்கிழமை விடியற்காலை. சீனுவையும் பாப்பாவையும் என் அறையில் விட்டுவிட்டு நான் இறங்கி வந்தபோது காஞ்சனா கதவை வெளியே பூட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆட்டக் கட்டிட்டேண்ணா. கால்ல, கட்டிலோட. பழைய பொடவதான், மெத்துனு இருக்கும். தண்ணிக் கொடத்துக்கு எட்டும். பாத்ரூமுக்கு எட்டும். அடுப்புக்கு எட்டாது."

பூட்டை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். வேன் ஹாரன் அடித்தது. ஓடினாள்.

ஜன்னல் வழியே குரல் வந்தது. "காஞ்சனா வந்துட்டாளா?"

"வந்துடுவாங்க ஐயா."

"காஞ்சனா வந்துட்டாளா?"

எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஆவடி வாசகர் கவனத்துக்கு: புலியைக் கட்ட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை, சார்.