சத்தமில்லாமல் பார்த்த இந்திப் படம்

பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்குள் போய் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம். அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற அடியில், பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதற்குள் நின்றுகொண்டே உஷாராணி ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்துவிடுவாள். எப்படி என்கிறீர்களா? உதட்டால்தான். தறி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்குமே அது கைவந்த வேலை. 'தண்ணி இருக்கா', 'முதலாளி வாரார்', 'கந்தம்மா மருமக கோவிச்சுட்டுப் போயிட்டாளாம்' எல்லாம் சத்தமே இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேரும். உஷாராணி அதில் படுகில்லாடி. இத்தனை வருஷத் தறிச் சத்தத்தில் அவள் காது மந்தமாகிப் போனது மெய்தான். ஆனால் எதிரே இருப்பவர் வாய் பாதி திறந்தாலே மீதிப் பேச்சைப் பிடித்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் கையில் ஒரு இந்திப் படம் சிக்கினால் சும்மா விடுவாளா?

படம் வந்தது மகள் கயல்விழியின் பழைய செல்போனில். ஸ்பீக்கர் போய்விட்ட போன் அது. "மணி பாக்கறதுக்காச்சும் ஆகும், வெச்சுக்கம்மா" என்று கொடுத்திருந்தாள். அதற்குள் யாரோ எப்போதோ ஏற்றிவைத்த ஒரே ஒரு படம் கிடந்தது. உஷாராணி போனைத் தறியின் பக்கத்துக் கம்பத்தில் கழிவு நூலால் கட்டிவைத்தாள். அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்கிறபோதெல்லாம் ஒரு பார்வை. படம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. சத்தமும் கிடையாது. அதனால் என்ன, உதடு இருக்கிறதே!

கதை அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிற ஏழைப் பையன். பெரிய மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுப் பெண். பையன் ஊதினால் அந்தப் பெண் ஜிலேபி பிழிகிற கையை அப்படியே நிறுத்திவிட்டு நிற்பாள். மழையில் ஒரு பாட்டு, படகில் ஒரு பாட்டு, ரயில் ஏறுகிறபோது ஒரு பாட்டு. பாட்டுக்குத் தாளம்? அதைத்தான் தறி போட்டுக்கொண்டிருந்ததே. கடைசியில் ரயிலடியில் அந்த அப்பா மகளின் எதிரில் நின்று, கண்ணில் தண்ணீர் முட்ட, நாலு வார்த்தை பேசுகிறார். பேசிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார். அவள் அழுதுகொண்டே ரயில் ஏறுகிறாள்.

"போயிட்டு வா சாமி, நீ நல்லா இருந்தா அதே போதும்ங்கறாரு. பெத்த மனசு பாருங்க!" என்று டீ நேரத்தில் உஷாராணி சொன்னால் கேட்பவர் மூக்கை உறிஞ்சாமல் இருக்க முடியாது. பட்டறை முதலாளி நாச்சிமுத்துகூட, "அந்த மிட்டாய்க் கடைக்காரன் மாதிரி மனுசன் இந்தக் காலத்துல ஏதுங்க" என்று பெருமூச்சு விட்டவர்தான்.

இந்த மிட்டாய்க் கடைக்காரரை உஷாராணி தன் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. ஈரோட்டில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிற கயல்விழி, கூட வேலை செய்யும் சேலத்துப் பையன் ஜெனிஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். வேதக்காரக் குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். உஷாராணியின் புருஷன் ரங்கன் ஒரே வார்த்தையில் "முடியாது" என்றார். அதோடு விட்டாரா? மகளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அவள் ஈரோட்டு ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நாலு மாசம் ஓடிவிட்டது. பிடித்தால் பிடிவாதம், அந்த ஆள் அப்படி.

உஷாராணி சண்டை போடவில்லை. சண்டை போட்டு ஜெயிக்கிற ஆளா அவர்? சோறு போடுகிறபோது படக்கதையை எடுத்துவிட்டாள். முதல் நாள் ரங்கன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். அடுத்த வாரம், "அந்தப் பையன் தண்ணி கிண்ணி போடறவனா?" என்றார்.

"யாருங்க, படத்துல வாரவனா?"

"பின்ன எவனக் கேக்கறேன்?" என்று எரிந்து விழுந்தார்.

"சேச்சே, தங்கமான பையனுங்க" என்றாள் உஷாராணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இப்படிக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அந்த ரயிலடிக் கட்டத்தைத் தானாகவே மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தட்டிலேயே கையைக் கழுவினார். கடைசியில், "சரி, ஞாயித்துக்கிழமை சேலம் போயி அவங்க ஊட்டப் பாத்துட்டு வரலாம். பாக்கறதுதான், வேறொண்ணும் இல்ல" என்றார். உஷாராணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை கரண்ட் ஷட்டவுன். தறியெல்லாம் நின்று, பட்டறையே வேறு இடம்போல இருந்தது. இழை திருத்துகிற வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பீகாரிலிருந்து புருஷனோடு வந்து இங்கே தறி ஓட்டுகிற பிங்கி, உஷாராணியின் போனை எட்டிப் பார்த்துத் துள்ளினாள். "அக்கா, இந்தப் படம் என்கிட்டயும் இருக்கு! சத்தத்தோட கேளுங்க!" என்று தன் போனில் போட்டுக் காதருகே வைத்தாள்.

மழைப் பாட்டு வந்தது. அடடா! உஷாராணி நினைத்திருந்த வேகமே இல்லை. கிளாரினெட் மெல்ல, தயங்கித் தயங்கி வந்தது. ஒரு பெண்குரல் அதைத் தொட்டும் தொடாமலும் கூடவே போனது. மந்தமான காதுக்குள்ளும் அது இறங்கியது. இத்தனை நாள் இதைத் தறியடியில் போட்டு இடித்துக்கொண்டிருந்தேனே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் அதிகம் வந்தது. எவ்வளவு நல்ல பாட்டு அது!

"ரயிலடியைப் போடு புள்ள. அந்தப் பெரியவரு பேசறதக் கேக்கோணும்" என்றாள்.

பிங்கி போட்டாள். பெரியவர் பேசினார். பிங்கியின் முகம் மாறியது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரி இல்லக்கா. 'இன்னிக்கே என் பொண்ணு செத்துட்டா, இனிமே என் வாசலை மிதிக்காதே'ன்னு சொல்றாரு."

உஷாராணி நூல் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதட்டைத் தப்பாகப் படித்தாள் என்று அவளை யாரும் இதுவரை சொன்னதில்லை. அதுகூடப் பெரிதில்லை. இந்தப் பெரியவரை நம்பித்தானே ரங்கன் சேலத்துக்குக் கிளம்பச் சம்மதித்திருக்கிறார்!

நேரம் பாருங்கள், ரங்கன் வாசலில் நின்றார். ஷட்டவுன் என்று தெரிந்து அவளைக் கூட்டிப்போக வண்டியில் வந்திருந்தார். "அந்த மிட்டாய்க் கடைக்காரர்தானே? ஏம்மா, அவரு என்ன சொல்றாருன்னு நீயே சொல்லு, கேப்போம்" என்றார் பிங்கியிடம், அவள் போனை ஆசையாக எட்டிப் பார்த்து.

பிங்கி திருதிருவென்று விழித்தாள். ரங்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: 'என்ன சொல்லட்டும்க்கா?'

உஷாராணி உதட்டைக் கொஞ்சம் அசைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தப்பிவிடும். மகளுக்காக ஒரு பொய், எந்தத் தாய்தான் சொல்ல மாட்டாள்? ஆனால் நாளைக்கு இவர் வேறு யார் வாயிலாவது கேட்டுவிட்டால்? அப்புறம் தான் சொல்கிற எதையுமே நம்ப மாட்டார், மகளையும் சேர்த்துத்தான். அவள் எழுந்து நின்று வாயைத் திறந்தே சொன்னாள்: "உள்ளதைச் சொல்லு பிங்கி."

பிங்கி சொன்னாள். ரங்கன் முகம் சுண்டிப் போயிற்று.

"நான்தானுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் உஷாராணி. "உங்கள ஏமாத்தோணும்னு சொல்லலீங்க. அந்த மனுசன் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

ரங்கன் பிங்கியிடமிருந்து போனை வாங்கினார். "சத்தத்தை நிறுத்திக் குடு" என்றார். தறி நின்றுபோன பட்டறையில், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பெரியவர் பேசினார், திரும்பி நின்றார், தோள் குலுங்கியது, ரயில் போனது. மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"என்னமா அழுவறான்" என்றார். "கிறுக்குப் பய. வாயில ஒண்ணச் சொல்லிப்போட்டு, கடைசி வரைக்கும் அந்த ரயிலடியிலயே நிக்கப்போறான்."

போனைப் பிங்கியிடம் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தார். யாருக்கென்று உஷாராணி கேட்கவில்லை. மணி அடித்தது. எடுத்தார்கள். அந்தப் பக்கம் விசும்பல் மட்டும் கேட்டது.

"கயலு" என்றார் ரங்கன். "அழுவாத சாமி. அப்பன்தான் பேசறேன்."