பத்திரிகையில் ஏறிய பட்டம்

என் தம்பி மெர்வினுக்குப் பொய் சொல்ல வராது. ஐ.டி.யில் வேலை தேடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் பெரியநாயக்கன்பாளையத்துப் பையன்கள் சிலர் இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார்கள். இவனோ முதல் பக்கத்திலேயே எழுதுவான்: ‘பி.இ. நான்கு வருடம் படித்தேன். ஒரு தாள் தேறவில்லை. பட்டம் பெறவில்லை.’ யாராவது கேட்டார்களா? கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்த ஒரு தாள் எம்-டூ, அதாவது இரண்டாம் செமஸ்டர் கணக்கு. மற்ற எல்லாத் தாளிலும் தேறியவன் இதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டான். பழைய அரியருக்குச் சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தால் போதும், அப்பா அவனைக் கிளப்பிவிடுவார். அவனும் போய் எழுதுவான், வந்து சாப்பிடுவான், மறுபடியும் தோற்பான்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. கம்பெனிகளின் கணினி வேலைகளை இணையம் வழியாக வாடகை சர்வர்களில் நடத்தும் கிளவுட் தொழிலை வீட்டிலிருந்தே படித்தான். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினான். அந்தச் சான்றிதழ்கள் சில வருடத்தில் காலாவதியாகிவிடும். மறுபடியும் உட்கார்ந்து எழுதுவான். எம்-டூவைக் கண்டு நடுங்கியவனுக்கு இதில் நடுக்கமே இல்லை.

என் கதை நேரெதிர். நான் எம்.சி.ஏ., முதல் வகுப்பு. போன இடமெல்லாம், “டிகிரி சரிங்க மேடம், சர்டிபிகேஷன் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?” என்றார்கள். அவனிடம், “சர்டிபிகேஷன் எல்லாம் சரி, டிகிரி எங்கே?” என்றார்கள். அக்காவையும் தம்பியையும் சேர்த்துத் தைத்தால்தான் இவர்களுக்கு ஒரு முழு ஆள் கிடைப்பான் போலிருக்கிறது. நான் வெறுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகிவிட்டேன்.

கடைசியில் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி அவனை ஒப்பந்தத்தில் எடுத்தது. வேலை நன்றாகப் போனது. ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அவனுடைய மேலாளர் கிருபாசங்கர், பட்டம் இல்லாதவனை நிரந்தரமாக்குவதில்லை என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி சென்னைத் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டினார். அவர்களும் இறங்கி வந்தார்கள். ஒரே நிபந்தனைதான்: ரெஸ்யூமில் எழுதியதெல்லாம் உண்மையா என்று விசாரிப்பார்கள். சரியாக இருந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். உண்மையைத் தவிர எதையும் எழுதாதவனுக்கு என்ன பயம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

அதே மாதத்தில்தான் அவன் கல்யாண ஏற்பாடு. பெண் ஆஷ்லி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். எம்-டூ கதை அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் அத்துப்படி. மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. பத்திரிகை வேலையை மட்டும் அப்பா தனியாகப் பார்த்துக்கொண்டார். அங்கேதான் வினை.

பிரஸ்ஸிலிருந்து கட்டு வந்ததும் ஒன்றைப் பிரித்தேன். ‘மெர்வின், பி.இ.,’ என்று தங்க எழுத்தில் மின்னியது.

“ஏனுங்கப்பா, இது என்னங்கப்பா வேலை?”

“ஏன், நாலு வருசம் காலேஜுக்குப் போனானா இல்லியா? வெறும் பேரைப் போட்டா, ஊட்ல படிக்கவே வெக்கலைன்னு நெனைப்பாங்க கண்ணு.”

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்தாவது இருந்தாக வேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர் ஐ.டி.ஐ. என்று போடுவார், தட்டச்சு முடித்தவர் அதைப் போடுவார். அப்பாவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அப்பா ஆரோக்கியதாஸ் மோட்டார் கம்பெனியில் கடைசல் பிடிப்பதில் கைதேர்ந்த டர்னர். ஆனால் அவரைவிடப் பத்து வயது இளைய சுந்தரராஜுலு பி.இ. முடித்துவிட்டு அதிகாரியாக வந்து இறங்கிய நாளிலிருந்து, தான் ஓய்வு பெறும்வரை அப்பா அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். சுந்தரராஜுலு நல்ல மனிதர்தான். இருந்தாலும் அந்த இரண்டு எழுத்து அப்பாவின் நெஞ்சில் தைத்துவிட்டது.

மெர்வின் பத்திரிகையைப் பார்த்தான். “விடுக்கா, கல்யாணப் பத்திரிகைய யாரு உத்துப் பாக்கறாங்க?” என்று ஒரு கட்டு எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போனான். அந்த மேதாவி அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுத்தான். மனிதவளப் பிரிவு நேஹாவுக்கும் கொடுத்தான். அவன் ரெஸ்யூமைச் சரிபார்க்கிற அதே நேஹாவுக்கு!

நேஹா உற்றுப் பார்த்தாள். ரெஸ்யூமில் பட்டம் இல்லை, பத்திரிகையில் இருக்கிறது, எது நிஜம் என்று கேட்டாள். இவன் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், “பிரஸ்ல தப்பா போட்டுட்டாங்க” என்றானாம். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பொய். அதையாவது உருப்படியாகச் சொன்னானா? “பிரஸ்ல இனிஷியல் மாறும், தேதி மாறும். டிகிரி தானா முளைக்குமா?” என்று கேட்டுவிட்டு அவள் பைலை நிறுத்திவைத்தாள். ஊரில் எல்லாரும் ரெஸ்யூமில் பொய் எழுதி மாட்டுவார்கள். என் தம்பி கல்யாணப் பத்திரிகையில் மாட்டினான்.

விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “உங்க ரெண்டு எழுத்துக்காக அவன் வேலையே போகப் போகுதுங்கப்பா!” அவர் எழுந்தார். உள்ளே போய், ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “வண்டிய எடு” என்றார்.

துடியலூர் வழியாக ஸ்கூட்டியில் போனோம். ‘கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ’ என்று எனக்கு உறுத்தியது. அலுவலகத்தில் நேஹாவும் கிருபாசங்கரும் இருந்தார்கள். மெர்வின் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“உட்காருங்க அங்கிள்,” என்றாள் நேஹா.

அப்பா உட்காரவில்லை. “அம்மணி, அந்த பி.இ. நான் போட்டதுங்க. அவனைக் கேக்காமப் போட்டதுங்க. பையன் பாஸ் பண்ணலீங்க.”

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், ‘ரிசல்ட்டு வரோணும்’ என்பார்.

நேஹாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விதி விதிதானே? இதையே மெயிலில் அனுப்ப வேண்டுமாம், அதுவும் அப்பாவின் மெயிலிலிருந்து. அப்பாவுக்கு மெயில் ஏது? அங்கேயே உட்கார்ந்து ஒன்று உருவாக்கினேன். ஓடிபி எண் அவருடைய செல்போனுக்குப் போனது. செல்போனோ வீட்டில் சார்ஜில் கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைப் படிப்பதற்குள் அது காலாவதியாகி, மறுபடியும் வேறு எண். தன் மகனுக்குப் பட்டம் இல்லை என்று ஒரு தகப்பன் ஒப்புக்கொள்வதற்கு இத்தனை பாடு!

மெயில் போனதும் அப்பா கிருபாசங்கர் பக்கம் திரும்பினார். “எம் பையனையும் நாலு பேரு சார்னு கூப்புடட்டும்னு ஒரு ஆசைங்க.”

“இங்க யாரும் யாரையும் சார்னு கூப்பிடறதில்லைங்க,” என்றார் கிருபாசங்கர். “கஸ்டமருக்கு ஏதாவது நின்னுபோச்சுன்னா, மெர்வின் எங்கேன்னுதான் கேப்பாங்க.”

மாதக் கடைசிக்குள் நிரந்தர உத்தரவு வந்தது. அப்பா பேனர் கடைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கல்யாணத்தன்று மண்டப வாசலில் பார்த்தேன். பேனரில் ‘மெர்வின் – ஆஷ்லி’ என்று மட்டும் இருந்தது. பேருக்குப் பின்னால் ஒரு புள்ளிகூட இல்லை.

வரவேற்புக்குச் சுந்தரராஜுலு வந்தார். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க சார், வாங்க.”

“பையன் பெரிய கம்பெனில இருக்கானாமே ஆரோக்கியம்! பத்திரிகைல பார்த்தேன். பி.இ. எந்த காலேஜ்ல பண்ணினான்?”

நான் அப்பாவைப் பார்த்தேன். மேடையிலிருந்து மெர்வினும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பி.இ. இல்லீங்க சார், அது நான் போட்டது,” என்றார் அப்பா. “காலேஜு வரைக்கும் நான் படிக்க வெச்சனுங்க. மேக்கொண்டு அவனே படிச்சுகிட்டானுங்க. வாங்க, பந்திக்குப் போலாம்.”