ஒன்பதாம் எண் வாசலின் கைப்பிடி

ஹேவர்லி கிரசென்ட்டில் பதினேழு வீடுகள், பிறை போல வளைந்து, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம். கல்லில் கை வைக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. சட்டம் அசந்தாலும் ஒன்பதாம் எண் ஹில்டா கார்ஸ்வெல் அசரமாட்டாள். முப்பது வருஷமாக யார் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தாலும் மறுநாளே நகராட்சிக்கு அவள் கடிதம் போய்விடும். ஏழாம் எண் டெரெக் டிப்பெட் சுவரில் மாட்டிய டிவி டிஷ் தட்டும் அப்படித்தான் இறங்கியது. அன்று அவர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது.

இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. இடுப்பெலும்பு மாற்றியபின் வாசலின் ஐந்து கல்படிகள் மலையாகிவிட்டன. படியோரத்துப் பழைய இரும்புக் கம்பிகளை உலக யுத்தத்தின்போதே ஆயுதம் வார்க்க அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதுக் கைப்பிடிக்கு அனுமதி கிடைக்காவிட்டால், மகள் ஊரில் படியே இல்லாத வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அன்றே நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதினாள். அந்த அவசரத்தில், கம்பிக் கடைக்காரன் கொடுத்த வரைபடத்தைச் சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

நகராட்சிக்காரர்கள் விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு கட்டினார்கள். ஆட்சேபம் சொல்ல மூன்று வாரம். தெருவின் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்டவளைச் சும்மா விடுவார்களா? ஜன்னலோரம் தேநீர் ஆறிப்போக உட்கார்ந்திருந்தாள்.

நகராட்சியிலிருந்து உறை வந்தது. ஆதரவு பதினைந்து. ஆட்சேபம் ஒன்று, டிப்பெட்டிடமிருந்து.

"கைப்பிடி அவசியம் வேண்டும். ஆனால் வரைபடத்தில் கம்பியின் உச்சியில் ஈட்டிமுனை இருக்கிறது. எங்கள் கிரசென்ட்டின் பழைய கம்பிகளுக்கு உச்சியில் பைன் மரக்காய் வடிவம்தான். திருமதி கார்ஸ்வெல் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். தப்பான கம்பியைப் பிடித்து நடக்க அவருக்கே மனசு வராது."

ஹில்டாவின் முகம் சிவந்தது. வாசலுக்கு வந்து மேல்படியிலிருந்தே கூப்பிட்டாள்.

"டிப்பெட்! எனக்கே ஆட்சேபமா?"

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்ட புத்திதாம்மா." அவர் படியேறி வந்து, பழைய கம்பியின் உச்சியிலிருந்து விழுந்த, துருப்பிடித்த இரும்புப் பைன் காய் ஒன்றை அவள் கையில் வைத்தார். "தோட்டத்துல கெடச்சுது. இதப் பாத்து வார்க்கச் சொல்லுங்க."

"எப்போ கெடச்சுது?"

"பதினோரு வருஷமாச்சு. என் டிவி தட்ட எறக்க வச்சீங்கள்ல, அந்த வாரம். கோவத்துல சொல்லல. ஆனா தூக்கிப் போடவும் மனசு வரல."

"அடப்பாவி மனுஷா!" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இறங்குவதற்கு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.